மேற்குப் பக்கப் படிகள்

2 ஜூன் 2024, ஞாயிறு

வெயில். காலை 6.10 முதல் 9.40 வரை. ஆட்கள் பதினொன்று, என்னையும் சேர்த்து.

ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியும் இப்படித்தான் எழுத வருகிறது. நில அளவைத் துறையில் இருந்த முப்பத்து மூன்று வருடமும் தினம் நாட்குறிப்பு எழுதி, மாதக் கடைசியில் மேலே அனுப்ப வேண்டும். எத்தனை மணிக்குப் போனேன், எத்தனை கல் நட்டேன், எந்த பஸ்ஸில் திரும்பினேன். அதை யாரும் படிப்பதில்லை என்பது எழுதுகிற எல்லோருக்கும் தெரியும். இப்போது மேலதிகாரி என் மனைவி வசந்தகோகிலம். "வீட்டுல இருந்தா ஜன்னல அளக்குறீங்க, கட்டில அளக்குறீங்க, என் உசிர வாங்குறீங்க. எங்கயாச்சும் போயி நாலு பேரோட மண்ணு அள்ளுங்க" என்று அவள்தான் என்னைப் பிலவேந்திரனிடம் பிடித்துக் கொடுத்தாள்.

பிலவேந்திரன் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவர். நாற்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆள் சேர்த்துக்கொண்டு, ஊர் மறந்துபோன பழைய இடங்களைத் தேடிச் சுத்தம் செய்யக் கிளம்பிவிடுவார். சம்பளம் இல்லாத வேலைக்கு இத்தனை பேர் காலையில் எழுந்து வருவது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. இந்தத் தடவை சாத்தனவாடி. ஊருக்கு வடக்கே, மக்காச்சோளக் காட்டை ஒட்டி, சீமைக்கருவேலம் மண்டிய ஒரு பள்ளம். அதற்குள் நாலு பக்கமும் படி இறங்கும் பழைய கிணறு ஒன்று இருக்கிறது என்கிறார்.

"சார், நீங்க இந்தப் பக்கமெல்லாம் வேலை பாத்திருப்பீங்களே?"

"பாத்திருப்பேன். மாவட்டம் பூரா சுத்துனவன்தானே" என்றேன்.

முள் வெட்டியதோடு சரி. 10.05 பஸ்.

9 ஜூன், ஞாயிறு

பள்ளத்திலிருந்து எடுத்தவை: பீர் பாட்டில்கள் (எண்ணவில்லை), பிளாஸ்டிக் நாற்காலி மூன்று, ஒரு கிரைண்டர் கல், கரையாத பிள்ளையார் இரண்டு, சாரைப்பாம்பு ஒன்று. பாம்பு தானாகப் போய்விட்டது. பிள்ளையார்களை என்ன செய்வது என்று அரை மணி நேரம் விவாதம்.

பள்ளத்தின் மேற்கு விளிம்பில் ஒரு வீடு. ஒரு அறை, ஒரு அடுப்பங்கரை, ஓட்டுக்கூரை, பின்னால் தகரம் போட்ட ஆட்டுக்கொட்டில். வீட்டுக்காரம்மாள் பவுனாம்பாள். ஐம்பது வயது. புருஷன் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறாள், மீதி நாளில் வியாபாரிக்குச் சின்ன வெங்காயம் தாள் கிள்ளிக் கொடுக்கிறாள். வெட்டிய முள்ளை அவள் பக்கம் போட்டதற்கு எங்களைப் பிடிபிடியென்று பிடித்தாள். "படிச்சவுங்கதானே நீங்கள்லாம்? ஆட்டுக் காலுல தச்சா யாரு புடுங்குறது?" அப்புறம் அவளே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

12 ஜூன், புதன்

முதுகு வலி. தைலம்.

16 ஜூன், ஞாயிறு

மேகமூட்டம். ஆட்கள் பதினாறு. வரிசையாக நின்று மண்சட்டி கை மாற்றினோம். 8.20க்குக் கிழக்குப் பக்கம் முதல் படி தெரிந்தது. பிலவேந்திரன் விசில் அடித்தார். அவருக்கு அடிக்கத் தெரியவில்லை, காற்றுதான் வந்தது. இருந்தாலும் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

23 ஜூன், ஞாயிறு

வடக்கு விளிம்பில் முள்வேரை இழுத்தபோது நட்டுவைத்த கல் ஒன்று வெளிப்பட்டது. நன்றாகச் செதுக்கிய கல். தலையில் ஒரு கூட்டல் குறி, பக்கத்தில் ஓர் அம்பு.

பிலவேந்திரன் மண்டியிட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்தார். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஐந்து நிமிடத்தில் பதில்கள் குவிந்தன. ஒருவர் வணிகர் கூட்டத்தின் முத்திரை என்றார். ஒருவர் சூலம் என்றார். ஆயிரம் வருடம் இருக்கும் என்று ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

கூட்டல் குறியின் ஒரு கை மட்டும் நீளம். உளி வழுக்கியிருக்க வேண்டும்.

30 ஜூன், ஞாயிறு

கல்லுக்கு யாரோ குங்குமம் வைத்து அரளிப்பூ மாலை போட்டிருக்கிறார்கள். பவுனாம்பாள் என்று சந்தேகப்பட்டேன். அவள் இல்லையாம். "எங்களுக்கு வேற வேலை இல்லையா? உங்க ஆளுங்கதான் போட்டாங்க."

மதியம் சாப்பிடும்போது வசந்தகோகிலத்திடம் சொன்னேன், அது சர்வே கல் என்று.

"அப்ப சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லலாம்."

"இந்த மனுசனுக்குச் சொல்லலாம்னா வருசம் ஒண்ணு ஆவும்" என்று ரசத்தை ஊற்றினாள்.

7 ஜூலை, ஞாயிறு

சொல்லிவிட்டேன். கூட்டல் குறியும் அம்பும் எல்லாச் சர்வே கல்லிலும் உண்டு, இது எண்பதுகளில் நடந்த மறு அளவையில் நட்டது என்றேன். குழுவில் பத்து நிமிடம் அமைதி. பேராசிரியர் குழுவை விட்டு வெளியேறினார்.

பிலவேந்திரன் முகம் வாடி, உடனே மலர்ந்தது. "அப்ப சர்வேல இந்தக் கிணத்த எழுதியிருப்பாங்களே சார்! அரசாங்கப் பதிவே நமக்குச் சாட்சியாச்சே!" அங்கேயே நின்று செல்போனில் தேடினார். அந்த இடம் பதிவேட்டில் "கல்லாங்குத்து" என்று இருந்தது. அதாவது பாறையும் சரளையுமாக, எதற்கும் உதவாத நிலம்.

"எந்த மடையன் சார் இத எழுதுனது?"

"முள்ளா இருந்திருக்கும். உள்ள போக முடிஞ்சிருக்காது" என்றேன்.

9.30க்கே கிளம்பிவிட்டேன். வேலை இருப்பதாகச் சொன்னேன்.

10 ஜூலை, புதன்

தூக்கம் சரியில்லை. வசந்தகோகிலம் காப்பியை நிறுத்திவிட்டாள். காப்பி காரணமில்லை.

14 ஜூலை, ஞாயிறு

கிழக்கு, வடக்கு, தெற்கு மூன்று பக்கமும் பதினான்கு படிகள் திறந்தாகிவிட்டது. மேற்கே மட்டும் மண்மேடு, அதன் மேல் பவுனாம்பாள் வீடு.

எல்லோரும் பொங்கல் பொட்டலத்தைப் பிரித்தபோது பிலவேந்திரனைத் தனியே கூப்பிட்டுப் போய்ச் சொன்னேன். அந்த மடையன் நான்தான் என்று. எண்பத்தாறு ஜனவரி, பொங்கல் லீவுக்கு முந்தின வேலை நாள். அன்றைக்கு முள் இவ்வளவு இல்லை. கிணற்றைப் பார்த்தேன். இறங்கினேன். கைநிறைய அள்ளித் தண்ணீர் குடித்தேன், நல்ல தண்ணீர். நட வேண்டிய கல் ஒன்று குறைந்தது. அளவுச் சங்கிலி பிடிக்கிற சாமிக்கண்ணு கிணற்று விளிம்பிலிருந்தே ஒரு கல்லைப் பெயர்த்துக் கொடுக்க, நான் உளியால் குறி போட்டு நட்டேன். கிணறு என்று எழுதினால் தனி உட்பிரிவு போட வேண்டும், நாலு பக்கமும் அளக்க வேண்டும், படம் வரைய வேண்டும். இன்னும் மூன்று மணி நேரம். நாலரை பஸ்ஸை விட்டால் அடுத்த பஸ் ஏழே முக்காலுக்கு. கல்லாங்குத்து என்று எழுதிவிட்டுப் பஸ் ஏறினேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"சார், இத விடப் பெரிய சாட்சி என்ன வேணும்? அளந்தவரே சொல்றாரு இங்க கெணறு இருந்துச்சுன்னு. எழுதிக் குடுங்க சார். ஆகஸ்ட் பதினஞ்சு கிராம சபையில தீர்மானம் போட்டு, நீர்நிலைன்னு மாத்திடலாம். அப்புறம் ஒருத்தனும் மூட முடியாது."

மேற்குப் பக்கம்தான் அவருக்கு உயிர். கிணறு வெட்டியவர் பெயர் பொறித்த கல் ஏதாவது இருந்தால் அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும், மற்ற மூன்றிலும் இல்லை என்பது அவர் கணக்கு. "யாரு வெட்டுனாங்கன்னு தெரிஞ்சாப் போதும் சார். ஒரு பேரு. அது போதும் எனக்கு."

"அந்த வீடு?" என்று கேட்டேன். நீர்நிலை என்று பதிவான இடத்தில் வீடு இருக்கக் கூடாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"மாத்து எடம் குடுப்பாங்க சார்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கொடுப்பார்கள். என் சர்வீஸில் இரண்டு தடவை கொடுத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஊருக்கு வெளியே, பஸ் போகாத இடத்தில். பிலவேந்திரன் நல்லவர். என் பாரத்தை இறக்கப் போய், அதை அந்த அம்மாள் தலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

17 ஜூலை, புதன்

தனியாகப் போனேன். 10.40 பஸ். பவுனாம்பாள் வாசலில் சாக்கு விரித்து வெங்காயம் கிள்ளிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் ஒரு கத்தரிக்கோலை எடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். சர்வே, பஸ், கிராம சபை, வீடு. கண்ணில் நீர் வழிந்தது, வெங்காயம்தான்.

அவள் கை நிற்கவே இல்லை. கடைசியில் கேட்டாள்.

"அன்னைக்கு நீங்க ஒழுங்கா எழுதியிருந்தா எனக்கு இந்த எடம் கெடச்சிருக்குமா?"

"கிடைச்சிருக்காதும்மா. கல்லாங்குத்துன்னு இருந்ததாலதான் வீட்டுமனைப் பட்டா குடுத்திருப்பாங்க."

"தொண்ணூத்தி நாலுல குடுத்தாங்க. எங்களுக்கு முன்னாடி மூணு பேரு, பள்ளத்து ஓரம் வேணாம்னு போயிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு கடக்கால் தோண்டுனா ஒரு முழத்துலயே படி. பலகை பலகையா கல்லு. 'பவுனு, நமக்கு அஸ்திவாரம் எவனோ போட்டு வச்சுட்டுப் போயிருக்கான்டி'ன்னு சிரிச்சாரு. கெணறு இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதா சார்? இல்லன்னு எழுதுனது நீங்க. நாங்களும் இல்லன்னே இருந்துட்டோம்."

அப்புறம் எழுந்து உள்ளே கூப்பிட்டாள். அடுப்பங்கரையில் தென்மேற்கு மூலையில் சாக்கு ஒன்றை நகர்த்தினாள். தரையில் கால் படிந்து மழமழத்த கல். அதில் ஆறு வரி எழுத்து. பழைய எழுத்து, எனக்குப் படிக்கத் தெரியாது.

"முப்பது வருசமா இதும்மேலதான் உக்காந்து சமைக்கிறேன். உங்க பிலவேந்திரன் தம்பி தேடுறாரே, இதுதானே?"

இதுதான் என்றேன்.

"எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எந்தப் புண்ணியவான் பேரோ, மிதிக்கக் கூடாதுன்னு சாக்கப் போட்டேன்." மறுபடி மூடினாள். "என்னையத் தூக்கி எங்கயோ போட்டா, அங்க எனக்கு வேலைக்கு யாரு கூப்புடுவாங்க? ஆட்ட எங்க கட்டுவேன்? நீங்க பெரியவுங்க. உங்களுக்கே தெரியும்."

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். எதற்கு என்று கேட்பது என்றே தெரியவில்லை. அன்று நான் செய்த தப்பில் அவள் குடியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. ஒரு கிலோ வெங்காயம் கொடுத்தனுப்பினாள்.

21 ஜூலை, ஞாயிறு

போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

28 ஜூலை, ஞாயிறு

போகவில்லை.

4 ஆகஸ்ட், ஞாயிறு

பிலவேந்திரன் வீட்டுக்கே வந்துவிட்டார், ரத்தம் எடுக்கும் பையோடு. "ரெண்டு வாரமா காய்ச்சல்னா டெஸ்ட் பண்ணிடணும் சார்." வசந்தகோகிலம் என்னைப் பார்த்தாள். கையை நீட்டினேன். என்ன செய்வது.

போகும்போது, அவர் எழுதித் தரச் சொன்ன கடிதத்தையும் வாங்கிக்கொண்டு போனார். கிணறு இருந்தது, நான் எழுதவில்லை என்று நாலு வரி. எத்தனை பக்கம் படி என்று எழுதவில்லை. அவரும் கவனிக்கவில்லை.

5 ஆகஸ்ட், திங்கள்

ரத்தத்தில் ஒன்றுமில்லையாம். சர்க்கரை கொஞ்சம்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

தூறல். ஆட்கள் இருபத்து மூன்று. அடிமண்ணை வெட்டும்போது 9.05க்குத் தண்ணீர் கசிந்தது. யாரும் கத்தவில்லை. எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றோம். பவுனாம்பாளும் மேலே வந்து நின்று பார்த்தாள். அவளுக்கும் சந்தோஷம்தான், முகத்தில் தெரிந்தது.

15 ஆகஸ்ட், வியாழன்

கிராம சபை. தீர்மானம் நிறைவேறியது. ஓய்வுபெற்ற நில அளவையர் கோதண்டபாணி எழுதியது என்று சொல்லி என் கடிதத்தைப் படித்தார்கள். ஒருவர் எழுந்து, "இவ்வளவு வருசம் கழிச்சாவது ஒத்துக்கிட்டாரே, அது பெரிய மனசு" என்றார். கை தட்டினார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குக் கை தட்டியது அதற்குத்தான். தாலுகா அலுவலகத்திலிருந்து புதிதாக அளக்க ஆள் வரும். பவுனாம்பாள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

28 ஆகஸ்ட், புதன்

அளவை. காலை 10.30 முதல் மாலை 3 வரை. கடும் வெயில். முழுதாக எழுதுகிறேன்.

வந்த நில அளவையர் பெயர் அறவாழி. முப்பத்தைந்து வயது. நல்ல மாதிரி. நான் பழைய ஆள் என்று தெரிந்ததும் நாற்காலி போடச் சொன்னார். மூன்று காலில் நிற்கும் ஜிபிஎஸ் கருவி. நாங்கள் ஒரு நாளில் செய்ததை அது கால் மணியில் செய்கிறது. கிழக்கு, வடக்கு, தெற்கு முடிந்தது. மேற்கே வேப்பமரமும் தகரக் கொட்டிலும் மறைத்ததில் கருவிக்குச் சிக்னல் கிடைக்கவில்லை.

"டேப் போட்டுக்கலாம் சார். கொட்டிலுக்குப் பின்னாடி சந்துல ஒரு ஆளு போகணும்" என்றார். பின்னால் ஆட்டுப் புழுக்கை, முள், இடுப்பு அகலம்தான் வழி. அவருடைய உதவியாளர் செருப்பைப் பார்த்தார்.

"நான் போறேன்" என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு சார்..."

"எனக்குப் பழக்கம்."

கிழக்கு விளிம்பில் அவர் டேப்பின் பூஜ்யத்தைப் பிடித்துக்கொண்டார். உருளையோடு நான் சந்துக்குள் போனேன். கிணற்றின் மேல்படிக் கல் வரிசை மண்ணுக்குள்ளிருந்து வந்து, வீட்டுச் சுவருக்கு அடியில் நுழைந்து போவது கண்ணுக்குத் தெரிந்தது. எண்பத்தாறில் பார்த்த அதே வரிசை. டேப் சுவரில் முட்டும்போது 21.2. சுவருக்கு உள்ளே எவ்வளவு போகிறது என்று கல்லின் போக்கைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். அறவாழி கண்ணில் அது படாது.

"சார், மேக்குக் கரை எங்க நிக்குது? சுவத்துக்கு உள்ளயா, வெளியவா?"

பின்கதவில் பவுனாம்பாள் நின்றாள். கேட்கவும் இல்லை, கும்பிடவும் இல்லை. நின்றாள், அவ்வளவுதான்.

"வெளிய. இருபது புள்ளி ஆறு" என்று கத்தினேன். "சுவத்துக்கு ரெண்டடி முன்னாடியே முடியுது. இந்தப் பக்கம் நேர்ச் சுவரு, படி கெடையாது."

"இருபது புள்ளி ஆறு" என்று திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது பிலவேந்திரன் காத்திருந்தார்.

"மேக்கால படியே இல்லையா சார்?"

"இல்ல."

"பேரு இருக்கும்னு நெனச்சேன்." கொஞ்ச நேரம் பள்ளத்தையே பார்த்தார். "சரி விடுங்க சார். வேற யாராவது சொல்லியிருந்தா கடப்பாரைய எடுத்துட்டுப் போயி நானே குத்திப் பாத்திருப்பேன். ஒரு தடவ செஞ்ச தப்ப நீங்களே வந்து சொன்னீங்க. நீங்க அளந்தா அளந்ததுதான்."

அவர் கொடுத்த மோரைக் குடித்தேன்.

8 செப்டம்பர், ஞாயிறு

திறப்பு விழா. பதிவேட்டில் "கிணறு" என்று ஏறிவிட்டது, தனி உட்பிரிவு எண்ணோடு. வீடு அதன் எண்ணில் அப்படியே இருக்கிறது. ஊர்ப்பெண்கள் படியில் விளக்கு வைத்தார்கள். பெயர்ப் பலகைக்கு ஆணி அடிக்கும்போது நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். மூன்று பக்கப் படிக்கிணறு, வெட்டியவர் பெயர் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறது. எழுத்து பிலவேந்திரனுடையது. "தெரியவில்லை" என்பதை மட்டும் சின்னதாக எழுதியிருக்கிறார்.

11 செப்டம்பர், புதன்

10.40 பஸ். பகல் 11.30 முதல் 1.15 வரை பவுனாம்பாள் வீட்டில்.

திரும்பி வந்து வசந்தகோகிலத்திடம் சொன்னேன். பவுனாம்பாள் அந்த வீட்டை விட்டுத் தானாகப் போகிற வரைக்கும் இந்த நோட்டு பீரோவில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு, நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிலவேந்திரனிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

"நான் உங்களுக்கு முன்னாடி போயிட்டா?"

"அப்ப நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்."

"அதுக்கு இப்பவே குடுத்துத் தொலைக்கலாம்ல" என்றாள். பிறகு அவளே நோட்டை வாங்கிப் பட்டுப்புடவைக்கு அடியில் இடம் பார்த்து வைத்துவிட்டு, எழுத வேண்டியது மிச்சமிருந்தால் எழுதிக் கொடுங்கள் என்று திரும்ப நீட்டினாள். எழுதுகிறேன்.

சாத்தனவாடி படிக்கிணறு. நான்கு பக்கமும் படி உண்டு. கிழக்கு விளிம்பிலிருந்து மேற்கு விளிம்பு வரை 23.6 மீட்டர். 28 ஆகஸ்ட் அன்று நான் சொன்ன 20.6 பொய். மேற்குப் பக்கப் படிகள் பவுனாம்பாள் வீட்டுக்கு அடியில் 2.4 மீட்டர் உள்ளே போகின்றன. கல்வெட்டு அடுப்பங்கரைத் தரையில், தென்மேற்கு மூலை, இரண்டு சுவரிலிருந்தும் 40 சென்டிமீட்டர். ஆறு வரி. தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த நகல் இந்தப் பக்கத்தோடு ஒட்டியிருக்கிறது. தாள் அசையாமல் நான்கு மூலைக்கும் வெங்காயம் வைத்தோம், ஒரு மூலையில் கறை இருக்கும். பெயர் இரண்டாம் வரியிலோ மூன்றாம் வரியிலோ இருக்கலாம், தெரிந்தவர் படிக்கட்டும்.

அளந்தது கோதண்டபாணி. டேப்பின் மறுமுனையைப் பிடித்தது பவுனாம்பாள்.